பத்தாவது போற பொண்ணுக்கு இங்கிலீஷ் தனி ட்யூஷன்: கிராமருக்கு ஒரு ஆள், லிட்ரேச்சருக்கு ஒரு ஆள் வேணுமா?

பொண்ணு சிபிஎஸ்இல பத்தாவது போறா, இங்கிலீஷ் நல்லா பேசுறா, ஆனா பரீட்சைல 80க்கு 50ஐத் தாண்ட மாட்டேங்குது, கிராமருக்கும் லிட்ரேச்சருக்கும் தனியா ஆள் வச்சு சொல்லிக்குடுக்கலாமா, ஒரே ஆளா ரெண்டு ஆளா, இங்கிலீஷ்லயே பேசுற டீச்சரா பாக்கணுமா, வாரத்துக்கு எத்தனை நாள், வீட்டுக்கு வரணுமா ஆன்லைன் போதுமா. இதான் நீங்க கேட்டது. நான் திருச்சில 14 வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன், ஒரு நேரத்துல ஒரே புள்ளைதான், பேட்ச் எடுக்குறதில்ல, அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் ஸ்கூல்ல இருந்தேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

ஒரே ஆள் போதும். ஒரே ஆளாத்தான் இருக்கணும்னே சொல்வேன். அந்த ஆளுக்குத் தமிழ் நல்லா தெரிஞ்சிருக்கணும். இந்த ரெண்டாவது விஷயத்தைத்தான் யாரும் கேக்குறதே இல்ல, எல்லாரும் ‘மிஸ், க்ளாஸ்ல தமிழே பேச மாட்டீங்கல்ல?’ன்னு கேட்டுட்டு நான் பேசுவேன்னு சொன்னதும் முகம் சுருங்கிப் போயிடுறாங்க.

முதல்ல மார்க் எங்க இருக்குன்னு பாருங்க. பத்தாவது சிபிஎஸ்இ இங்கிலீஷ் பேப்பர் 80 மார்க், மிச்சம் 20 ஸ்கூல்ல போடுற இன்டெர்னல். அந்த 80ல படிச்சுப் புரிஞ்சு பதில் எழுதுற பேசேஜுக்கு 20, கிராமருக்கு 10, லெட்டர், அனலிடிக்கல் பாராகிராஃப்னு எழுதுறதுக்கு 10, லிட்ரேச்சருக்கு 40. அதாவது கிராமர்னு பேர் போட்டு வர்றது மொத்தமே 10 மார்க்தான், அதுலயும் டென்ஸ், மோடல், சப்ஜெக்ட் வெர்ப் கன்கார்ட், ரிப்போர்ட்டட் ஸ்பீச், டிட்டெர்மினர்னு அஞ்சே அஞ்சு தலைப்பு. ஆனா நம்ம ஊர்ல இங்கிலீஷ் ட்யூஷன்னாலே முக்கால்வாசி நேரம் அந்த 10 மார்க்குக்கு ஒர்க்‌ஷீட் போடுறதுதான் நடக்குது. 40 மார்க் லிட்ரேச்சர்ல மார்க் குறையுதே, அது ஏன் போகுதுன்னு பார்த்தா அங்கயும் போறது கதை தெரியாததால இல்ல. கதை அவளுக்குத் தெரியும், கேட்டா சூப்பரா சொல்லுவா, 40, 50 வார்த்தைல எழுதுன்னு சொன்னா வாக்கியம் நிக்காது, காலம் மாறி மாறி வரும், யாரு யாரைச் சொல்றான்னே புரியாது. அதாவது கிராமரால மார்க் போகுற இடம் கிராமர் செக்‌ஷன் இல்ல. அதனாலதான் ரெண்டு ஆள் வேணாங்கிறேன், ஏன்னா கிராமர் மிஸ் ஃபில் அப்ஸ் போட்டுட்டுப் போவாங்க, லிட்ரேச்சர் சார் நோட்ஸ் டிக்டேட் பண்ணிட்டுப் போவாரு, நடுவுல அவ எழுதுற வாக்கியத்தை யாருமே பாக்க மாட்டாங்க.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ட்யூஷன் ஆரம்பிச்ச புதுசுல ஒரு பையன், மூணு மாசம் டென்ஸ் டென்ஸ்னு ஒர்க்‌ஷீட்டா குடுத்துத் தள்ளினேன், பத்துக்குப் பத்து வாங்குவான், எனக்கும் பெருமை. ஒருநாள் லீவுக்கு என்ன பண்ணினேன்னு ஒரு பக்கம் எழுதுடான்னேன். முதல் வரியே ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் (had gone) டு மை அங்கிள்ஸ் ஹவுஸ்’. ரெண்டாவது வரியும் ஹேட், மூணாவது வரியும் ஹேட். மூணு மாசக் காசு வாங்கியிருக்கேன், அவங்க அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு என்னையும் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.

அந்த ஹேட் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு உறைக்கவே கொஞ்ச நாளாச்சு. நாம ‘நேத்து மாமா வீட்டுக்குப் போயிருந்தேன்’னுதானே சொல்றோம், ‘போனேன்’னு சொன்னா ஏதோ மொட்டையா இருக்கு, போயிருந்தேன்னு சொன்னாத்தான் போய் இருந்துட்டு வந்ததுன்னு ஒரு நிறைவு வருது. அந்த ‘இருந்தேன்’ஐ அவன் அப்படியே ஹேட்னு எடுத்துட்டுப் போறான். இங்கிலீஷ்ல ஹேட் கான் சொல்லணும்னா நடந்து முடிஞ்ச இன்னொரு விஷயம் பக்கத்துல இருக்கணும், அதுக்கும் முன்னாடி இது நடந்ததுன்னு காட்டத்தான் ஹேட். ‘நான் போய்ச் சேர்றதுக்குள்ள பஸ் போயிருந்துச்சு’ அப்படிங்கிற இடத்துல நம்ம ‘இருந்துச்சு’ம் அவங்க ஹேடும் கரெக்டா ஒத்துப் போகும், மாமா வீட்டு விஷயத்துல ஒத்துப் போகாது, அங்க வெறும் ‘வென்ட்’தான். இதைத் தமிழ்ல வச்சு ஒரு பத்து நிமிஷம் சொன்னா அவனுக்கு வாழ்நாளைக்கும் போதும். பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் இஸ் யூஸ்ட் டுன்னு ஆரம்பிச்சா அவன் தலையாட்டிட்டு மறுபடி அதையேதான் எழுதுவான்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச் இன்னும் நல்ல உதாரணம், பத்தாவதுல அது கட்டாயம் வர்ற ஐட்டம் வேற. ‘மாமா நாளைக்கு வரேன்னு சொன்னார்’, இது தமிழ்ல சுத்தமான வாக்கியம், வரேன்ங்கிறது மாமா வாயிலேர்ந்து வந்தது அப்படியே இருக்கு, ‘ன்னு’ங்கிற ஒத்தைச் சொல்லு அதை ஒட்ட வச்சிடுது, ஆளையும் மாத்த வேண்டாம் காலத்தையும் மாத்த வேண்டாம். இதைப் பழகுன புள்ள ‘அங்கிள் செட் தட் ஐ வில் கம் டுமாரோ’ன்னு எழுதினா அது முட்டாள்தனம் இல்ல, அவ தமிழ் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஆனா இங்கிலீஷ்காரன் அதைப் படிச்சா இவதான் நாளைக்கு வரப் போறான்னு நினைப்பான். அதனால அங்க ஐ போய் ஹி ஆகணும், வில் போய் வுட் ஆகணும், டுமாரோ போய் தி நெக்ஸ்ட் டே ஆகணும். இதுக்கு நேர்மாறா ஒண்ணு பாருங்க, ‘அம்மா கதவைச் சாத்தச் சொன்னாங்க’ன்னு சொல்றோம்ல, அது அப்படியே ‘மதர் டோல்ட் மி டு ஷட் தி டோர்’. சாத்த-ன்னா டு ஷட், சொன்னாங்க-ன்னா டோல்ட். இந்த ஒரு வகைல மட்டும் தமிழே கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போயிடும். கேள்வி வந்தா மறுபடி தகராறு, ‘எங்க போறேன்னு கேட்டாங்க’ங்கிறதை ‘ஆஸ்க்ட் மி வேர் ஆர் யூ கோயிங்’னு எழுதுவாங்க, அங்க ‘வேர் ஐ வாஸ் கோயிங்’னு திருப்பிப் போடணும்ங்கிறதுக்குத்தான் நிறைய எழுதிப் பழகணும். ஆக மூணு வகைல ஒண்ணு சும்மா வந்துடும், ஒண்ணுக்குப் புரிதல் வேணும், ஒண்ணுக்குப் பயிற்சி வேணும். தமிழ் தெரியாத மிஸ்ஸுக்கு மூணும் ஒரே மாதிரி தப்பாத்தான் தெரியும், மூணுக்கும் ஒரே மாதிரி ஒர்க்‌ஷீட்தான் வரும்.

ஆர்ட்டிகிள் கதையும் இதே. நம்மகிட்ட ஒருங்கிறது இருக்கு, ‘தி’க்குன்னு ஒரு சொல்லே கிடையாது, நாம ‘அந்த’ன்னு சொல்லிச் சமாளிக்கிறோம், இல்லேன்னா சொல்லாமலே விட்டுடுறோம். ‘டிஸ்கஸ் அபௌட்’ ஏன் வருது, ‘பத்திப் பேசினோம்’ல இருக்குற பத்தி. ‘ஐ வாஸ் தேர் ஒன்லி’ ஏன் வருது, ‘அங்கதான் இருந்தேன்’. ‘ஸ்மால் ஸ்மால் திங்ஸ்’, ‘சின்னச் சின்ன விஷயம்’. இதெல்லாம் கிண்டல் பண்ற விஷயமே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நல்ல தமிழ் வாக்கியம் உக்காந்திருக்கு. புள்ளைகிட்ட அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, தனக்கு மூளை இல்லேன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கும் பாவம்.

ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் புக்கை முதல் பக்கத்துலேர்ந்து முடிக்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. வேண்டாம். வீட்டுல இருந்தா இருக்கட்டும், சந்தேகம் வந்தா எடுத்துப் பாக்க நல்ல புக்கு. அவளுக்கான கிராமர் புக்கை அவதான் எழுதணும். ஒரு கோடு போட்ட நோட்டு, இடது பக்கம் அவ எழுதின தப்பு வாக்கியம், வலது பக்கம் திருத்தினது, கீழ ஏன் அப்படி வந்துச்சுன்னு அவ பாஷைல ஒரு வரி, தமிழ்லயோ தங்லீஷ்லயோ எப்படியோ. ரெண்டு மாசத்துல பார்த்தா ஆச்சரியமா இருக்கும், நூத்துக்கணக்குல தப்பு பண்றான்னு நினைச்ச புள்ள ஏழெட்டுத் தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணிட்டு இருந்திருக்கும். இது முப்பது பேர் க்ளாஸ்ல நடக்காது, தனி ட்யூஷனுக்குக் காசு குடுக்குறதே இதுக்குத்தான்.

இன்னொண்ணு, எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல செவப்புல சுழிக்கிற டீச்சர் வேண்டாம். 15 வயசுப் புள்ள, பக்கம் முழுக்க ரத்தக்களரியா இருந்தா அடுத்த தடவை அஞ்சு வரிக்கு மேல எழுதாது, தப்பு வராத சின்னச் சின்ன வாக்கியமா எழுதித் தப்பிச்சுக்கும். நான் ஒரு வாரத்துக்கு ரெண்டே ரெண்டு வகைத் தப்பைத்தான் பாப்பேன், மத்ததைப் பார்த்தும் பாக்காத மாதிரி விட்டுடுவேன், அம்மாக்களுக்கு இதுதான் தாங்காது, ‘மிஸ் ஸ்பெல்லிங் தப்பா இருக்கே நீங்க கவனிக்கலையா’ன்னு மெசேஜ் வரும். கவனிச்சேங்க. அதுக்கு அடுத்த வாரம்.

சரி, லிட்ரேச்சர். ஒரு உதாரணத்தை மட்டும் எடுத்துக்கிறேன், பத்தாவது புக்குல ராபர்ட் ஃப்ராஸ்ட்டோட ஒரு குட்டிக் கவிதை இருக்கு, ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’, மொத்தமே எட்டு வரி. ஒரு காக்கா ஹெம்லாக் மரத்துலேர்ந்து பனித்தூளை இவர் மேல உதறி விடுது, அதுல இவரு மனசு மாறிப்போகுது, அவ்ளோதான். ஸ்கூல்ல இருபது நிமிஷத்துல முடிச்சிடுவாங்க, கைடுல சென்ட்ரல் ஐடியா ஒரு பாரா, லிட்டரரி டிவைஸ் நாலு, முடிஞ்சுது.

நான் இதை முழுசா ரெண்டு க்ளாஸ் எடுப்பேன். முதல் கேள்வி, இதுல எத்தனை வாக்கியம் இருக்கு? எல்லாப் புள்ளையும் எட்டுன்னோ நாலுன்னோ சொல்லும். முற்றுப்புள்ளியைத் தேடுன்னு சொல்வேன், கடைசில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். எட்டு வரியும் ஒரே வாக்கியம். அப்போ வெர்ப் எங்க? தேடுவாங்க, ஷுக்-னு சொல்வாங்க, அது உள்ளுக்குள்ள இருக்குற வெர்ப், மெயின் வெர்ப் அஞ்சாவது வரில ‘ஹேஸ் கிவன்’னு வருது. சப்ஜெக்ட் எது? காக்கான்னு சொல்வாங்க, பனின்னு சொல்வாங்க. ரெண்டும் இல்ல, முதல் வரியோட ஆரம்பத்துல இருக்குற ‘தி வே’தான் சப்ஜெக்ட். அதாவது காக்கா மனசை மாத்தல, பனி மாத்தல, காக்கா அதை உதறின விதம் மாத்துச்சு. இதை ஒரு புள்ள தானா கண்டுபிடிக்கிறப்போ கிராமரும் லிட்ரேச்சரும் வேற வேற பாடம்னு அதுக்கப்புறம் அது நம்பாது. சென்ட்ரல் ஐடியா பாராவை மனப்பாடம் பண்ணவும் வேண்டாம்.

அப்புறம் டென்ஸுக்கு வருவோம். ‘ஹேஸ் கிவன்’, மனசு மாறிடுச்சு, அந்த மாற்றம் இன்னும் கூடவே இருக்கு. கடைசி வரில ‘ஹேட் ரூட்’, காக்கா வர்றதுக்கு முன்னாடியே அந்த நாளை நொந்து போயிருந்தாரு. ‘நொந்து போயிருந்த நாள்’, பாருங்க, நம்ம ‘இருந்த’ இங்க கச்சிதமா உக்காருது. மாமா வீட்டு ஹேட் ஏன் தப்பு, இந்த ஹேட் ஏன் சரின்னு இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல, அவளே சொல்லுவா.

இதுலயே இன்னொரு கூத்து இருக்கு. நிறைய கைடுல, காக்கா அபசகுனம், ஹெம்லாக் விஷ மரம், ஆக ரெண்டு கெட்டதுலேர்ந்து ஒரு நல்லது வருதுன்னு போட்டிருப்பான். அந்த ஹெம்லாக் மரம் பைன் மாதிரி ஊசி இலை மரம், அமெரிக்காவுல வடகிழக்குப் பக்கம் காட்டுல சாதாரணமா நிக்கிறது, அதுல விஷம் இல்ல. சாக்ரடீசுக்குக் குடுத்ததா சொல்ற விஷ ஹெம்லாக் வேற, அது ஒரு செடி, பேரு மட்டும் ஒண்ணு. பேரைக் கேட்டதும் அந்த விஷ ஞாபகம் வர்ற மாதிரி கவிஞர் வச்சிருக்கலாம், அப்படி எழுதினா ஒத்துக்கலாம், ஆனா மரமே விஷம்னு எழுதுறது தப்பு. காக்கா விஷயத்துல நான் புள்ளைங்களையே கேப்பேன், உங்க வீட்டுல காக்கா யாரு? அமாவாசைக்குச் சோறு வைக்கிறோம், கத்துனா விருந்தாளி வரும்னு பாட்டி சொல்லும், தலைல தட்டுனா மட்டும் சனின்னு குளிக்கச் சொல்லும். ஆக இந்தக் கவிதையைத் திருச்சில படிக்கிறவளுக்குக் காக்கா வேற ஆளு. பரீட்சைல என்ன எழுதணும்ங்கிறது தனி, அதைக் கடைசில சொல்லிக்குடுத்துடலாம், அதுக்கு முன்னாடி அவளுக்குன்னு ஒரு அபிப்ராயம் இருக்கட்டும்.

நீங்க இன்னும் ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா வேற ஒண்ணு சொல்லியிருப்பேன், உங்க பொண்ணு ஒன்பதாவதுல படிச்சிருக்கலாம். ஒன்பதாவது இங்கிலீஷ் பாடப்புத்தகம், என்சிஇஆர்டி பீஹைவ் புக்குல பல வருஷமா ‘விண்ட்’னு ஒரு கவிதை இருந்துச்சு, நிறைய தமிழ்ப் புள்ளைங்களுக்கே அது யாரு எழுதினதுன்னு தெரியாது, பாரதியாரோட வசன கவிதை அது, ஏ.கே. ராமானுஜன் இங்கிலீஷ்ல பண்ணினது. இங்கிலீஷ்ல ‘க்ரம்ப்ளிங்’ ‘க்ரம்ப்ளிங்’னு வீடு, கதவு, உடம்பு, உசுருன்னு வரிசையா வரும், பாரதி அங்க போட்டிருக்கிறது ‘நொய்ந்த’. ஒரு பொண்ணுக்கு ரெண்டாவது பாஷை ஹிந்தி, தமிழ் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது, நான் வாசிச்சுக் காட்டினேன். காத்து தேவன் எல்லாத்தையும் ‘புடைத்து நொறுக்கி’ விடுவான்னு வர்ற இடத்துல ராமானுஜன் ‘வின்னோ’ங்கிற வெர்பைப் போட்டிருக்காரு, அது என்ன மிஸ்னா, உங்க பாட்டி முறத்துல அரிசி புடைக்கும்ல அதுன்னேன். அவ ரெண்டு கையையும் தூக்கிப் புடைச்சுக் காட்டினா, நொய்யெல்லாம் பறந்து போற மாதிரி. அப்புறம் வலுவான வீடு கட்டு, கதவைக் கெட்டியா மாட்டுன்னு கவிதை ஏன் திரும்புதுன்னு நான் கேக்கவே இல்ல, கனமான அரிசி முறத்துலயே நிக்கும்ல மிஸ்னு அவளே சொல்லிட்டா. இந்தப் பதிலை எந்தக் கைடுலயும் பாக்க முடியாது.

ஐசிஎஸ்இ புள்ளைங்க வச்சிருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க லாங்குவேஜ் ஒரு பேப்பர், லிட்ரேச்சர் ஒரு பேப்பர், ரெண்டும் தனித்தனியா 80, அதனால லிட்ரேச்சர் பாரம் அதிகம், ஷேக்ஸ்பியர் நாடகம் வேற. 2025 பரீட்சைலேர்ந்து ஜூலியஸ் சீசர். சீசர் பிணத்தை வச்சுக்கிட்டு ஆண்டனி பேசுற இடம்தான் எல்லாருக்கும் தெரியும், சீசரைக் குத்தினவங்கள்ல ஒருத்தனான ப்ரூட்டஸைப் பத்தி, ப்ரூட்டஸ் ஹானரபிள் மேன், ப்ரூட்டஸ் ஹானரபிள் மேன்னு திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே ஜனங்களை அவனுக்கு எதிரா திருப்பி விடுவான். ஐரனின்னு போர்டுல எழுதினா புள்ளைங்க ஐரனின்னு எழுதிக்கும். தமிழ் ரெண்டாவது பாஷையா படிக்கிற புள்ளைகிட்ட வஞ்சப்புகழ்ச்சி அணின்னு சொல்லிப் பாருங்க, கயவரும் தேவரும் ஒண்ணு, ரெண்டு பேரும் நினைச்சதைச் செய்வாங்கன்னு வள்ளுவர் புகழ்ற மாதிரி குத்துற குறளை அது ஏற்கெனவே மனப்பாடம் பண்ணியிருக்கும். உடனே பிடிச்சுக்கும். இன்னொண்ணும் காட்டுங்க, அதே மேடைல ப்ரூட்டஸ் உரைநடைல பேசுறான், ஆண்டனி செய்யுள்ல பேசுறான், ஒருத்தன் காரணம் சொல்றான் இன்னொருத்தன் மயக்குறான். மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்த ஊர் நம்ம ஊரு, இதை விளக்குறதுக்கு நமக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

ஆள் தேடுறதுக்கு வரேன். ரிட்டையர்டு டீச்சரா, காலேஜ் படிக்கிற பொண்ணாங்கிறது முக்கியமில்ல, ரெண்டுலயும் நல்லவங்களையும் பார்த்திருக்கேன் சும்மா ஒப்பேத்துறவங்களையும் பார்த்திருக்கேன். ஒரு ட்ரையல் க்ளாஸ் கேளுங்க, ஒரு மணி நேரத்துல யாரு அதிகமா பேசுறாங்கன்னு அடுப்படிலேர்ந்து காதைக் குடுத்துக் கேளுங்க. டீச்சர் குரல் மட்டுமே கேட்டா வேண்டாம். நடுவுல ஒரு இருபது நிமிஷம் ரெண்டு பேர் குரலும் கேக்கலேன்னா பயப்படாதீங்க, அவ எழுதிட்டு இருக்கான்னு அர்த்தம், அந்த இருபது நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கத் தெரிஞ்ச டீச்சர்தான் நல்ல டீச்சர், சொன்னா நம்ப மாட்டீங்க அதுதான் இந்த வேலைலயே கஷ்டமான வேலை. அப்புறம், ‘நோட்ஸ் நானே குடுத்துடுவேன், அவ படிச்சா போதும்’னு யாராவது சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க. முழுக்க இங்கிலீஷ்லயே பேசுவேன்னு சொல்றவங்களை நான் குறை சொல்லல, உங்க பொண்ணு ஏற்கெனவே நல்லா பேசுறாங்கிறீங்க, அவளுக்குப் பேச்சுக்கு ஆள் தேவையில்ல, அவ வாக்கியம் எங்க வழுக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஆள் தேவை. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு, யாரா இருந்தாலும் கதவு திறந்தே இருக்கட்டும், வீட்டுல பெரியவங்க ஒருத்தர் இருங்க, ஆனா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காராதீங்க, அம்மா பக்கத்துல இருந்தா எந்தப் புள்ளையும் தப்பா வாய் திறக்காது.

வாரத்துக்கு ரெண்டு நாள், ஒண்ணேகால் மணி நேரம் போதும். தினமும் வேண்டாம், நடுவுல அவளுக்குத் தானா படிக்க நாள் வேணும். ஆன்லைன்ல கவிதை, கதை எல்லாம் தாராளமா பேசலாம், எழுதுறதுதான் சிக்கல், கேமராவுக்குக் கீழ நோட்டு தெரியுற மாதிரி ஃபோனைச் சாய்ச்சு வச்சு எழுத வச்சா ஓரளவு சரியாகும். டைப் பண்ண விடாதீங்க, பரீட்சை கையாலதானே எழுதப் போறா, தவிர இப்போ ஏஐகிட்ட கேட்டு ஒட்டிடுறாங்க, அது எழுதுற இங்கிலீஷ்ல அவ மாமா வீட்டு ஹேட் இருக்காது, அப்போ நான் என்னத்தைப் பாக்குறது? ஃபீஸ் ஊருக்கு ஊர் மாறும், மாசக் கணக்கா பேசுறதை விட முதல் மாசம் க்ளாஸ் கணக்கா பேசிக்கோங்க, ஒத்து வரலேன்னா விலகுறது ரெண்டு பேருக்கும் லேசு.

கதை, நாவல் எதுவும் படிக்க மாட்டேங்குறான்னு சொல்லியிருந்தீங்க. ஃபோன்ல என்ன படிக்கிறான்னு கேளுங்க, கண்டிப்பா ஏதோ படிச்சுட்டு இருப்பா, மாங்காவோ யாரோ எழுதுற தொடர்கதையோ. என்கிட்ட வர்ற புள்ளைங்க அதைத்தான் முதல்ல கொண்டு வருவாங்க, ரெண்டு பக்கம் சத்தமா வாசிக்கச் சொல்வேன், வாசிக்கும்போது எங்க மூச்சு விடுறாங்கன்னு பார்த்தாலே கமா எங்க போடத் தெரியலேன்னு தெரிஞ்சிடும்.

வீட்டுல நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். ராத்திரி சாப்பிடும்போது, இன்னிக்கு என்ன பாடம், அதுல என்ன நடக்குதுன்னு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல வேண்டாம். தமிழ்ல தடுமாறாம சொல்லிட்டான்னா பாடம் புரிஞ்சிருக்கு, மிச்சம் எழுத்து வேலைதான், அதை டீச்சர் பாத்துப்பாங்க. தமிழ்லயே ‘அது வந்து... ஒரு மாதிரி... மாரல் வந்து’ன்னு இழுத்தான்னா அவ கதையைப் படிக்கல, கைடைப் படிச்சிருக்கான்னு அர்த்தம்.

டிசம்பர் வரைக்கும் மாதிரி வினாத்தாள் பக்கமே போக வேண்டாம். அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, டைம் வச்சு. எக்ஸ்ட்ராக்ட், அதாவது பாடத்துலேர்ந்து சில வரியை எடுத்துக் குடுத்துக் கேக்குற கேள்விக்கு 10 மார்க் இருக்கு, வரிக்கு வரி படிச்சுப் பழகின புள்ளைக்கு அது கைல இருக்கிற காசு. 100, 120 வார்த்தைல எழுதுற பெரிய கேள்வில மட்டும் தனியா கவனம் வைக்கச் சொல்லுங்க, அங்க எல்லாப் புள்ளையும் கதைச்சுருக்கம் எழுதிட்டு வந்துடும், கேட்டது வேறயா இருக்கும்.

முதல் க்ளாஸுக்கு வர்ற டீச்சர் கைல பழைய ஆன்ஸர் ஷீட் ரெண்டு குடுங்க, போன வருஷத்துது ஒண்ணு, அதுக்கு முந்தின வருஷத்துது ஒண்ணு. மார்க் இருக்கிற முதல் பக்கத்தைக் கிழிச்சுட்டுக் குடுத்தாலும் சரி. ரெண்டுலயும் ஒரே தப்பு எங்கெங்க இருக்குன்னு அவங்க தேட ஆரம்பிச்சாங்கன்னா, அன்னிக்கே ஃபீஸ் பேசி முடிச்சிடுங்க.